நூறு டாலருக்கு ஓர் ஆட்டம்

எங்கள் கிளையின் தலைமை காசாளர் ஒரு சர்தார்ஜி. ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. மகள் கல்யாணமாகி கனடாவில், பிராம்ப்டனில் இருக்கிறாள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரத்தில் அவர் செல்போனில் பேரன் அனுப்பிய வீடியோ ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். போன மாதம் ஒரு நாள் வழக்கத்துக்கு மாறாக ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தேன். வெள்ளைவெளேர் தரையில் ஹெல்மெட் போட்ட தடியர்கள் சறுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஒருவர் கோல் போட, பின்னணியில் வர்ணனையாளர் "போனினோ, போனினோ, போனினோ" என்று மூச்சு விடாமல் கத்துகிறார். முன்னும் பின்னும் சுத்தமான பஞ்சாபி!

ஐஸ் ஹாக்கியாம். 2016 மே மாதக் கடைசியில் நடந்த ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம். கத்தியவர் ஹர்நாராயண் சிங், கனடாவிலேயே பிறந்து வளர்ந்த சீக்கியர். 'ஹாக்கி நைட் இன் கனடா' என்பது அந்த நாட்டின் சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி. அதற்கு 2008-லிருந்து பஞ்சாபிப் பதிப்பு உண்டு.

நான் இருப்பது ஜலந்தரில். இங்கே ஹாக்கி என்றால் புல்தரை ஹாக்கிதான். ஒலிம்பிக் வீரர்களை வரிசையாகக் கொடுத்த சன்சார்பூர் கிராமம் பக்கத்திலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட ஊர்க்காரர் வாய்க்குள் நுழையாத கனடாப் பெயர்களைச் சரளமாகச் சொல்லி, 'இவன் நல்லா ஆடுவான் மேனேஜர் சாப்' என்று எனக்கு அறிமுகம் செய்து வைக்கிறார். தொலைக்காட்சி செய்த வேலை. சரி, இந்த ஆட்டம் முதன்முதலில் எப்படிப் பெட்டிக்குள் வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பி.காம். படித்தவன் புத்தி, மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு தொகையில் போய் நின்றுவிட்டது.

100 டாலர்.

டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் முதலாளி கான் ஸ்மைத், 1952-53 பருவத்தில் தன் அணியின் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்ட வாங்கிய தொகை அது. ஓர் ஆட்டத்துக்கு 100 டாலர். அப்போது டாலருக்கு 4 ரூபாய் 76 காசு (கனடா டாலரும் அமெரிக்க டாலரும் அந்தச் சமயம் ஏறக்குறைய ஒரே மதிப்புதான்). நம் கணக்கில் சுமார் 476 ரூபாய். 2013-இல் ரோஜர்ஸ் என்ற நிறுவனம் கனடாவில் அந்த உரிமையை 12 வருடத்துக்கு வாங்கியபோது கொடுத்த விலை 520 கோடி கனடா டாலர். 2025-இல் அடுத்த 12 வருடத்துக்குப் புதுப்பித்தார்கள், 1,100 கோடி டாலருக்கு. பூஜ்யங்களை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஸ்மைத் விவரம் தெரியாத ஆளா என்றால், அதுதான் இல்லை. படு கெட்டிக்கார வியாபாரி. 1931-இல், உலகமே பொருளாதார மந்தத்தில் படுத்துக் கிடந்தபோது, கடனும் பங்குமாகப் புரட்டி மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் என்ற பிரம்மாண்டமான அரங்கத்தைக் கட்டி முடித்தவர். மற்ற முதலாளிகள் 'வானொலியில் ஓசியில் கேட்டுவிட்டால் டிக்கெட் யார் வாங்குவான்' என்று பயந்துகொண்டிருந்தபோது வானொலியை இரு கை நீட்டி வரவேற்றவரும் இவர்தான். அரங்கத்துக்குள், பனித்தளத்துக்கு 56 அடி உயரத்தில், வர்ணனையாளர் ஃபாஸ்டர் ஹெவிட்டுக்காகத் தனிப் பரண் ஒன்றையே தொங்கவிட்டார். எந்த உயரத்திலிருந்து பார்த்தால் சரியாகத் தெரியும் என்று ஹெவிட் ஒரு கடைக் கட்டடத்தின் மாடி மாடியாக ஏறி, தெருவில் போகிறவர்களைப் பார்த்துக் கணக்குப் போட்டு, ஐந்தாவது மாடி உயரம் சரி என்று முடிவு செய்தாராம். சனிக்கிழமை இரவில் அந்தக் குரலுக்காகத்தான் கனடாவின் பண்ணை வீடுகளெல்லாம் விழித்திருந்தன. பார்க்காத ஆட்டத்தைக் காதால் பார்த்த தலைமுறை அது. தமிழில் வானொலி கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வானொலியைப் புரிந்துகொண்ட அதே மனிதர் தொலைக்காட்சியைக் கண்டு தயங்கினார். அந்தத் தயக்கத்தின் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். ஐஸ் ஹாக்கியை முதலில் ஒளிபரப்பியது கனடா இல்லை, லண்டன்! 1938 அக்டோபர் 29 அன்று ஹாரிங்கே அரங்கத்தில் நடந்த ஆட்டத்தை பி.பி.சி. காட்டியது. பனியே விழாத நாடுகளுக்கு கிரிக்கெட்டைக் கொடுத்த ஊர், பனிநாட்டு ஆட்டத்தைத் தொலைக்காட்சிக்குக் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த செப்டம்பரில் யுத்தம் வந்து பி.பி.சி. தொலைக்காட்சியையே மூடிவிட்டார்கள்.

என்.எச்.எல். எனப்படும் பெரிய தொழில்முறை லீகின் முதல் ஒளிபரப்பு நியூயார்க்கில். 1940 பிப்ரவரி 25, மேடிசன் ஸ்கொயர் கார்டன். நியூயார்க் ரேஞ்சர்ஸ் 6-2 என்று மாண்ட்ரியால் கனேடியன்ஸை அடித்து நொறுக்கியது. ஒரே ஒரு கேமரா. ஒளிபரப்பியது ஒரு சோதனை நிலையம். அப்போது அந்த நகரத்தில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டிகளே சுமார் 300தான். எங்கள் காலனியில் அதைவிட அதிகம் இருக்கும்!

ஒரு கேமராவை வைத்துக்கொண்டு இந்த ஆட்டத்தைக் காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். இவர்கள் அடிப்பது பந்து இல்லை, பக் என்கிற கறுப்பு ரப்பர் வட்டு. குறுக்களவு 3 அங்குலம், கனம் 1 அங்குலம். துள்ளாமல் இருக்க ஆட்டத்துக்கு முன்னால் அதை உறைய வைத்துவிடுவார்கள். அடித்தால் எங்கே போனது என்று அரங்கத்தில் இருப்பவனுக்கே தெரியாது. அப்புறம் எங்கே மங்கலான சின்னத் திரையில் தெரியப் போகிறது? அது போதாதென்று, தரைக்கு அடியில் இருக்கும் சிமெண்ட் தெரிந்து பனித்தளமே அந்தக் காலத்தில் சாம்பல் நிறமாக இருக்கும். 1949-50-இல்தான் பனிக்கு வெள்ளைச் சாயம் அடிக்க ஆரம்பித்தார்கள். நடுவர்கள் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டிருந்தார்கள். கறுப்பு வெள்ளைத் திரையில் ஆரஞ்சும் ஒன்றுதான் சிவப்பும் ஒன்றுதான், நடுவர் யார் ஆட்டக்காரர் யார் என்று தெரியாது. 1955 டிசம்பர் 29-இலிருந்து நடுவருக்குக் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை வந்தது. இன்றும் அதுதான்.

(வட்டு கண்ணுக்குத் தெரியவில்லை என்ற புகார் அமெரிக்காவில் ஓயவே இல்லை. 1996-இல் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் வட்டுக்குள் மின்னணுச் சாதனம் வைத்து, திரையில் அதைச் சுற்றி நீலமாக ஒளிவட்டம் வரும்படி செய்தது. கனடாக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டு வருடத்தில் கைவிட்டுவிட்டார்கள்.)

கனடாவுக்கு வருவோம். அந்த நாட்டின் அரசு ஒளிபரப்பு நிறுவனமான சி.பி.சி. 1952 செப்டம்பர் 6 அன்று மாண்ட்ரியாலிலும், 8-ஆம் தேதி டொரண்டோவிலும் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. டொரண்டோவில் முதல் நாள் முதலில் காட்டிய படமே தலைகீழாக வந்ததாம். அடுத்த மாதமே ஹாக்கி.

அக்டோபர் 11. மாண்ட்ரியால் ஃபோரம் அரங்கம். கனேடியன்ஸ், டெட்ராய்ட் ரெட் விங்ஸை 2-1 என்று வென்றது. கனடாவில் ஒளிபரப்பான முதல் என்.எச்.எல். ஆட்டம் இதுதான். வர்ணனை பிரெஞ்சு மொழியில்! ஆங்கிலத்துக்கு இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். தயாரிப்பாளர் ஜெரால் ரெனோ, பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர், தொலைக்காட்சி அனுபவம் கிடையாது. அப்போது யாருக்குத்தான் இருந்தது? வர்ணனையாளர் ரெனே லெகாவாலியே, யுத்த காலத்தில் வட ஆப்பிரிக்காவிலிருந்து செய்தி அனுப்பியவர், இலக்கியம் தெரிந்தவர். அவருக்கு ஒரு தர்மசங்கடம். கியூபெக் மக்கள் வீட்டில் பேசுவது பிரெஞ்சு, ஆனால் ஹாக்கி பேசும்போது பாதி வார்த்தை ஆங்கிலம். லெகாவாலியே நல்ல பிரெஞ்சுச் சொற்களாகத் தேடி எடுத்தும் கோத்தும், ஆட்டத்தின் வேகத்துக்கு ஈடுகொடுத்து வாரா வாரம் சொன்னார். பக் அவர் வாயில் 'ரொன்டெல்' ஆனது. அவர் அகராதி எதுவும் போடவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. சனிக்கிழமை கேட்ட வார்த்தையைத் திங்கட்கிழமை தெருவில் பையன்கள் சொன்னார்கள். என் பையன் இந்தியில் 'சௌக்கா', 'சக்கா' என்று கத்தும்போதெல்லாம் எனக்கு இனிமேல் லெகாவாலியே ஞாபகம்தான் வரும்.

டொரண்டோவில் நவம்பர் 1-ஆம் தேதி. மேப்பிள் லீஃப்ஸ், பாஸ்டன் புரூயின்ஸை 3-2 என்று வென்றது. வர்ணனை அதே ஃபாஸ்டர் ஹெவிட், அதே பரண். இயக்கியவர் ஜார்ஜ் ரெட்ஸ்லாஃப். ஆனால் ஒளிபரப்பு ஆரம்பித்தது இரவு 9.30 மணிக்கு! இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதி கொண்ட ஆட்டம், அப்போது இரண்டாவது பகுதியில் பாதி ஓடிவிட்டிருந்தது.

முதலாளியின் ஏற்பாடு அது. முழு ஆட்டத்தையும் வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டால் அரங்கத்துக்கு யார் வருவான்? ஆகவே வாலை மட்டும் காட்டு. 1960-களின் பிற்பகுதி வரை கனடா மக்கள் சனிக்கிழமை ஆட்டத்தை வழக்கமாக ஆரம்பத்திலிருந்து பார்த்ததே இல்லை. 'முதல் கோல் யார் போட்டது' என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பார்க்க உட்கார வேண்டும்.

சிரிப்பாக இருக்கிறதா? நானும் முதலில் சிரித்தேன். பிறகு, பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை என்று தெரிந்தது. அமெரிக்காவில் அந்தச் சமயம் குத்துச்சண்டையைத் தொலைக்காட்சியில் காட்டிக் காட்டி, ஊர்ப்புறத்துச் சின்ன குத்துச்சண்டை மன்றங்கள் வரிசையாகச் சாத்தப்பட்டன. சிறிய ஊர் பேஸ்பால் லீகுகளுக்கு 1949-இல் சுமார் 4 கோடிப் பேர் வந்தார்கள். அடுத்த எட்டு வருடத்தில் அது பாதிக்கும் கீழே போய்விட்டது. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸ்காரர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, தூர்தர்ஷனில் படம் முடிந்து யாராவது வருகிறார்களா என்று தெருவைப் பார்த்தபடி இருப்பார். அவர் முகம் எனக்கு நினைவிருக்கிறது. ஸ்மைத்தைப் பார்த்து முழுதாகச் சிரிக்க முடியவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம். டூரிங் டாக்கீஸில் பெஞ்சு காலி. மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் 1946-லிருந்தே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் டிக்கெட் தீர்ந்துவிடும். காலியாகிவிடும் என்று அவர் பயந்த நாற்காலிக்கு வெளியே வரிசை நின்றுகொண்டிருந்தது. அந்த நாற்காலியைக் காப்பாற்றத்தான் ஆட்டத்தைப் பாதியாக வெட்டினார். டிக்கெட் வருமானம் அவர் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. அரங்கத்துக்கு வர வழியே இல்லாத லட்சக்கணக்கான பேர் பார்ப்பதற்கு என்ன மதிப்பு என்று எழுத அந்தப் புத்தகத்தில் பத்தி இல்லை.

அந்த மதிப்பு விளம்பரதாரருக்கு முதலில் தெரிந்தது. இம்பீரியல் ஆயில் என்ற பெட்ரோல் கம்பெனி வானொலிக் காலத்திலிருந்தே புரவலர். தொலைக்காட்சி விளம்பரத்தில் மர்ரே வெஸ்ட்கேட் என்ற நடிகருக்கு பெட்ரோல் பங்க் சீருடை மாட்டி நிற்க வைத்தார்கள். அவர் நிஜமாகவே பங்க் வைத்திருக்கிறார் என்று ஜனங்கள் நம்பிவிட்டார்கள். உரிமைத் தொகையும் 100 டாலரிலிருந்து விறுவிறுவென்று ஏறிவிட்டது.

1955-இல் இரண்டு சம்பவங்கள். ஒன்று தொழில்நுட்பம். கோல் விழுந்ததைப் படச்சுருளில் பிடித்து, அவசர அவசரமாகக் கழுவி, ஈரம் காய்வதற்குள் சில நிமிடத்தில் மறுபடி காட்டினார் ரெட்ஸ்லாஃப். விளையாட்டு ஒளிபரப்பில் 'ரீப்ளே'வின் முதல் வடிவம் அது. (மூன்றாவது நடுவர் பற்றி நாம் போடும் சண்டைக்கெல்லாம் மூலபுருஷர் இவர்தான்.) மற்றொன்று கலவரம். கியூபெக் மக்கள் தெய்வமாகக் கொண்டாடிய மாரிஸ் ரிஷாரை, லீக் தலைவர் கிளாரன்ஸ் காம்ப்பெல் அந்தப் பருவத்தின் மிச்ச ஆட்டங்களில் ஆடக் கூடாது என்று தடை செய்தார். மார்ச் 17 அன்று மாண்ட்ரியால் ஃபோரத்தில் கண்ணீர்ப் புகைக் குண்டு வெடித்து, ஆட்டம் நின்று, தெருவெல்லாம் கடை உடைந்தது. மறுநாள் ரிஷாரே மைக் முன்னால் உட்கார்ந்து அமைதியாக இருங்கள் என்று பிரெஞ்சில் கேட்டுக்கொண்டார், வானொலியிலும் தொலைக்காட்சியிலும். ஊர் அடங்கியது.

எல்லாருக்கும் மதிப்பு தெரிந்தாகிவிட்டது, ஆடுகிறவர்களைத் தவிர. தெரியவில்லை என்று சொல்வதும் தப்பு. அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

1957 ஜனவரி 5 முதல் சி.பி.எஸ். நிறுவனம் அமெரிக்கா முழுவதும் சனிக்கிழமை மதியம் என்.எச்.எல். ஆட்டங்களைக் காட்ட ஆரம்பித்தது. அந்தப் பணத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பங்கு கிடையாது. டெட்ராய்ட் அணியின் டெட் லிண்ட்சே கேள்வி கேட்டார். உயரத்தில் சின்ன மனிதர், முகமெல்லாம் தையல் தழும்பு. அவரும் மாண்ட்ரியாலின் டக் ஹார்வியும் ஆட்டக்காரர்கள் சார்பில் ஓய்வூதிய நிதிக் குழுவில் இருந்தார்கள். ஆட்டக்காரர்கள் ஆளுக்கு வருடம் 900 டாலர் அந்த நிதிக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 'கணக்குப் புத்தகத்தைக் காட்டுங்கள்' என்றார்கள். காட்டவில்லை.

எங்கள் வேலையில், ஒருவர் தன் பணத்தின் கணக்கைக் கேட்டு அது கிடைக்கவில்லை என்றால் மேற்கொண்டு எதையும் சொல்ல வேண்டியதில்லை.

பேஸ்பால்காரர்கள் தொலைக்காட்சிப் பணத்திலிருந்து ஓய்வூதியத்துக்குப் பங்கு வாங்கியிருந்தார்கள். லிண்ட்சே அவர்களுடைய வக்கீல்களையே போய்ப் பிடித்தார். ஆறு அணிகளின் ஆட்டக்காரர்களும் ரகசியமாகச் சேர்ந்தார்கள். ஏறக்குறைய எல்லாரும் ஆளுக்கு 100 டாலர் சந்தா கட்டினார்கள். (ஸ்மைத் ஓர் ஆட்டத்தை விற்ற அதே தொகை!) 1957 பிப்ரவரியில் சங்கம் அறிவிக்கப்பட்டது. முதலாளிகள் கொதித்தார்கள், ஸ்மைத் எல்லாரையும்விட அதிகமாக. லிண்ட்சே அந்தப் பருவத்தில் 30 கோல், 55 உதவி, மொத்தம் 85 புள்ளி எடுத்திருந்தார், அவர் வாழ்க்கையிலேயே அதிகம். ஜூலையில் அவரை லீகின் கடைசி இடத்து அணியான சிகாகோவுக்குத் தள்ளிவிட்டார்கள். டொரண்டோவில் சங்கத்துக்கு முன்னால் நின்ற ஜிம்மி தாம்சனுக்கும் அதே சிகாகோ. நவம்பரில் டெட்ராய்ட் ஆட்டக்காரர்களே, லிண்ட்சேயின் பழைய தோழர்களே, சங்கத்தை விட்டு விலகினார்கள். 1958 பிப்ரவரியில் குறைந்தபட்ச சம்பளம் 7,000 டாலர், ஓய்வூதியத்துக்குக் கொஞ்சம் கூடுதல் என்று சமரசமாகி, சங்கம் கரைந்துபோனது. தொலைக்காட்சிப் பங்கு கிடைக்கவில்லை. நிலைத்து நின்ற சங்கம் 1967-இல்தான் வந்தது. 2010-இல், ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆண்டின் சிறந்த வீரர் விருதுக்கு லிண்ட்சேயின் பெயரை வைத்தார்கள். அப்போது அவர் உயிரோடு இருந்தார். 2019-இல் காலமானார்.

லிண்ட்சேயைத் தள்ளிவிட்ட சிகாகோவில்தான் ஸ்மைத்தின் பழைய பயம் கடைசிவரை உயிரோடு இருந்தது. அந்த அணி முதலாளி பில் விர்ட்ஸ், சொந்த அரங்கத்தில் நடக்கும் ஆட்டங்களை உள்ளூர்த் தொலைக்காட்சியில் காட்ட மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். காசு கொடுத்து வருடச் சந்தா டிக்கெட் வாங்குகிறவனுக்கு அது துரோகம் என்பது அவர் வாதம். உலகம் இணையத்துக்கே போய்விட்டது, சிகாகோக்காரன் தன் ஊர் ஆட்டத்தைத் தன் வீட்டில் பார்க்க முடியாது. 2006-07-இல் அரங்கத்துக்கு வந்தவர்கள் சராசரி 13,000-ஐக்கூடத் தொடவில்லை. 20,000 நாற்காலிக்கு மேல் உள்ள அரங்கம்! 2007 செப்டம்பரில் விர்ட்ஸ் இறந்தார். மகன் ராக்கி பொறுப்பேற்று, அந்தப் பருவத்திலேயே ஊர் ஆட்டங்களைக் காட்ட ஆரம்பித்தார். 2008-09-இல் சராசரி 22,000-ஐத் தாண்டிவிட்டது. அதே சமயம் இரண்டு அருமையான இளம் ஆட்டக்காரர்களும் அணிக்கு வந்தார்கள் என்பதையும் வரவில் எழுத வேண்டும், எல்லாப் புகழும் பெட்டிக்கே இல்லை. 2010-இல் கோப்பை, 49 வருடத்துக்குப் பிறகு.

இந்தச் சிகாகோ கதையை சர்தார்ஜியிடம் சொன்னேன். ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே கேட்டார். போன குளிர்காலத்தில் மகளும் மருமகனும் பேரனை டொரண்டோவில் ஒரு நிஜ ஆட்டத்துக்குக் கூட்டிப் போனார்களாம். டிக்கெட் விலையைச் சொன்னார், எனக்கு விக்கல் வந்துவிட்டது. உச்சாணி வரிசையில் இடம். பேரன் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "நானாஜி, இங்கே யாருமே பஞ்சாபியில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்" என்று அங்கிருந்தே போன் போட்டானாம்.